பத்தாயிரத்தில் நான்கு: நீர்த்த கரியமில வாயுவை மின்சாரத்தால் மாற்றுவதில் என்ன சிக்கல்?

கரியமில வாயுவை மின்சாரத்தால் எரிபொருளாக்கினார்கள், பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளாக்கினார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. அந்தச் செய்திக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுக் கட்டுரையில் செய்முறைப் பகுதியைப் புரட்டினால், பெரும்பாலும் சிலிண்டரிலிருந்து வந்த தூய வாயுவைத்தான் பயன்படுத்தியிருப்பார்கள். 99.9 விழுக்காட்டுக்கு மேல் தூய்மை. நிலக்கரி அனல் மின் நிலையத்தின் புகையில் இருப்பதோ 12 முதல் 15 விழுக்காடு. எரிவாயுவில் ஓடும் மின் நிலையம் என்றால் 4 விழுக்காட்டை ஒட்டி. நாம் சுவாசிக்கும் காற்றில் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு நான்குதான் தேறும்.

சிலிண்டரில் நடப்பது புகையிலும் நடக்கும், கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். அப்படியில்லை. நீர்த்த வாயு, அதாவது வேறு வாயுக்களோடு கலந்து செறிவு குறைந்த வாயு, வேறொரு சிக்கல். அந்தச் சிக்கல் பெரும்பாலானோர் நினைக்கிற இடத்திலும் இல்லை.

அடிப்படை வேதியியல் பழையது. உப்புக் கரைசலில் இரண்டு மின்முனைகளை வைத்து, கரியமில வாயுவைக் குமிழ்களாக விட்டு, மின்சாரம் பாய்ச்சினால் எதிர்மின்முனையில் அந்த வாயு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு வேறொரு பொருளாகிறது. இப்படிப் பார்மிக் அமிலம் கிடைத்ததை 1870-லேயே ரோயர் என்பவர் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் இதழில் பதிந்திருக்கிறார். ஆனால் இந்தத் துறையின் இன்றைய வரைபடத்தைப் போட்டவர் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷியோ ஹோரி. 1980-களில் அவர் உலோகங்களை ஒவ்வொன்றாக மின்முனையாக்கிப் பார்த்தார். வெள்ளியும் தங்கமும் கார்பன் மோனாக்சைடைத் தந்தன. வெள்ளீயமும் ஈயமும் பார்மேட்டை, அதாவது பார்மிக் அமிலத்தின் உப்பு வடிவத்தைத் தந்தன. இரும்பு, நிக்கல், பிளாட்டினம் மூன்றும் கரியமில வாயுவைப் பொருட்படுத்தாமல் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனை வெளியேற்றின. செம்பு மட்டும் தனி ரகம். அதில் மீத்தேன், எத்திலீன், எத்தனால் எல்லாம் வந்தன. இரண்டு கார்பன் அணுக்களைக் கோத்துத் தருவதில் இன்றுவரை செம்புக்கு நிகரான தனி உலோகம் கிடைக்கவில்லை.

இந்தப் பொருள்களுக்குச் சந்தை இருக்கிறது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் மெத்தனாலும் டீசலும் செய்யலாம். எத்திலீன் பாலிதீனுக்கு மூலப்பொருள். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்கவும், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிலிலும் பார்மிக் அமிலம் புழங்குகிறது.

சரி, இனி நீர்த்த வாயுவுக்கு வருவோம். வினை நடப்பது மின்முனையின் மேற்பரப்பில். அங்கே வந்து சேரும் மூலக்கூறு தண்ணீரில் கரைந்துதான் வர வேண்டும். 25 டிகிரியில், தூய கரியமில வாயு சாதாரண அழுத்தத்தில் இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரை கிராம் கரையும். 12 விழுக்காடு வாயு என்றால் 0.18 கிராம். காற்றோடு மட்டும் தொடர்பில் இருக்கும் தண்ணீரில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. மேற்பரப்பை ஒட்டி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்குத் தண்ணீர் அசையாமல் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், மூலக்கூறுகள் அதைக் கடந்து வரும் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். கார்பன் மோனாக்சைடாக மாற ஒரு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான் வாங்கும் என்பதால், அந்த வேகத்தை மின்னோட்டமாகவே சொல்லலாம். தூய வாயுவுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்துச் சொச்சம் மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வரை தாங்கும். புகைக்கு ஒன்றரை. காற்றுக்கு, ஒரு மில்லி ஆம்பியரில் இருநூறில் ஒரு பங்கு.

இந்த எண்ணைப் பரப்பளவாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். நாளொன்றுக்கு ஒரு டன் கார்பன் மோனாக்சைடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தேவையான மின்னோட்டம் கிட்டத்தட்ட 80,000 ஆம்பியர். மேட்டூர் போன்ற இடங்களில் காஸ்டிக் சோடா தயாரிக்கும் சவ்வுக் கலங்கள் சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 600 மில்லி ஆம்பியரில் ஓடுகிற வகை. அந்த வேகம் கிடைத்தால் 16 சதுர மீட்டர் மின்முனை போதும், ஒரு சாதாரண அறையின் தரையளவு. காற்று கரைந்த தண்ணீரிலிருந்து நேரடியாக எடுப்பதானால் ஏறக்குறைய 400 ஏக்கர் வேண்டும். இது வினையூக்கியின் குறை இல்லை. எவ்வளவு சிறந்த வினையூக்கியைப் பூசினாலும் வந்து சேராத மூலக்கூறை அது என்ன செய்ய முடியும்?

இந்தத் தடையைத் தாண்டத்தான் வாயு ஊடுருவும் மின்முனைகள் வந்தன. டெஃப்லான் சேர்த்துத் தண்ணீர் ஒட்டாதபடி செய்த நுண்துளைக் கார்பன் தாள், அதன் ஒரு முகத்தில் வினையூக்கி. பின்புறமிருந்து வாயு வருகிறது, முன்புறம் கரைசல் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வாயு கடக்க வேண்டிய நீர்ப்படலம் மிக மெல்லியது. தூய வாயுவோடு சதுர சென்டிமீட்டருக்குப் பல நூறு மில்லி ஆம்பியர் இப்போது ஆய்வகங்களில் சாதாரணம்.

நீர்த்த வாயுவை இதே மின்முனைக்குள் விட்டால் கதை மாறுகிறது. கரியமில வாயு வினைப்பட்டுப் போகப் போக நைட்ரஜன் துளைகளுக்குள் மிஞ்சுகிறது. நுழையும் இடத்தில் 12 விழுக்காடு இருந்தது வெளியேறும் இடத்தில் 5, 4 என்று இறங்குகிறது. அந்தக் கோடியில் வினையூக்கி பட்டினி கிடக்கிறது. எலக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை, பக்கத்தில் தாராளமாகக் கிடக்கும் தண்ணீரைப் பிடித்து ஹைட்ரஜனாக்கிவிடுகின்றன. வெளியே வருவது என்ன? கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு கலந்த நைட்ரஜன். இந்த இரண்டுக்கும் மூலக்கூறு எடை 28 தான். கொதிநிலையும் நான்கைந்து டிகிரிதான் வேறுபடும். இவற்றைப் பிரிப்பது வேதிப் பொறியியலில் தலைவலி பிடித்த வேலைகளில் ஒன்று. முன்னால் பிரிக்காமல் தப்பித்தால், பிரிக்கும் செலவு பின்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'நேரடியாகப் புகையிலிருந்து' என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, வெளியேறும் வாயுவில் என்ன இருந்தது என்ற அட்டவணையைத்தான்.

அப்புறம் ஆக்சிஜன். கரியமில வாயுவைவிட ஆக்சிஜன் எலக்ட்ரான்களை மிக எளிதில் வாங்கும், ஒரு வோல்ட்டுக்கு மேல் முந்தியே. நிலக்கரிப் புகையில் அது பெரும்பாலும் 3 முதல் 6 விழுக்காடு இருக்கும். 12 விழுக்காடு கரியமில வாயுவில் பாதியைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றினால் 12 பங்கு எலக்ட்ரான் செலவு. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான் வாங்கும், எனவே 4 விழுக்காடு ஆக்சிஜன் முழுதும் வினைப்பட்டால் அது மட்டும் 16 பங்கை விழுங்கும். பாதிக்கு மேல் மின்சாரம், இருந்த ஆக்சிஜனைத் தண்ணீராக்குவதிலேயே போய்விடும். ஆக்சிஜன் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு என்பது ஓர் ஆறுதல். வினையூக்கியின் மேல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் மெல்லிய பூச்சு ஒன்றைக் கொடுத்தால் ஆக்சிஜன் ஓரளவு வெளியே நின்றுவிடும். புகையில் இதெல்லாம் பலிக்கலாம். காற்றில் ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்கு ஐந்நூறு ஆக்சிஜன் மூலக்கூறுகள். அங்கே எந்தப் பூச்சும் போதாது.

இதே இக்கட்டில் செடிகளும் மாட்டியிருக்கின்றன என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இலையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியான ருபிஸ்கோ மெதுவானது, நொடிக்குச் சில மூலக்கூறுகள்தான். போதாக்குறைக்கு ஆக்சிஜனையும் கரியமில வாயு என்று எண்ணிப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெல் இந்த நஷ்டத்தோடுதான் வாழ்கிறது. கரும்பும் கம்பும் சோளமும் வேறு வழி கண்டன. அவற்றின் வெளிச் செல்களில் வேறொரு நொதி இருக்கிறது. அது கரியமில வாயுவைத் தொடுவதே இல்லை, அந்த வாயு தண்ணீரில் கரைந்து உருவாகும் பைகார்பனேட்டைப் பிடிக்கிறது. பைகார்பனேட்டுக்கும் ஆக்சிஜனுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லாததால் குழப்பம் ஏற்படுவதில்லை. பிடித்ததை நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி உள் செல்லுக்கு அனுப்பி, அங்கே ருபிஸ்கோவின் பக்கத்தில் வைத்து வாயுவாக விடுவிக்கிறது. இதற்குக் கூடுதலாக ஆற்றல் செலவாகிறது. செலவழித்தும் வெயில் காலத்தில் கரும்பு நெல்லை முந்துகிறது.

மின்வேதியியலில் இப்போது நடக்கும் நல்ல வேலைகளில் ஒரு பகுதி கிட்டத்தட்ட இதேதான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலின் மேல் காற்றையோ புகையையோ ஓட்டினால் கரியமில வாயு மட்டும் கார்பனேட்டாகவோ பைகார்பனேட்டாகவோ கரைசலுக்குள் போய்விடும், நைட்ரஜனும் ஆக்சிஜனும் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். வழக்கமான முறையில் அடுத்த படி சூடாக்குவது. கரியமில வாயுவைப் பிடிக்கும் அமீன் என்ற கரிமச் சேர்மத்தின் கரைசல் என்றால் 120 டிகிரியை ஒட்டி, பிடித்ததைச் சுண்ணாம்புக்கல்லாக்கிச் சுடும் வழி என்றால் 900 டிகிரி. வெளிவந்த தூய வாயுவை அழுத்தி, குழாயில் அனுப்பி, மின்கலத்துக்குள் விட வேண்டும். புதிய வழியில் சூடாக்கும் படியே கிடையாது. கார்பனேட் கரைசலையே மின்கலத்துக்குள் விடுகிறார்கள். இருமுனைச் சவ்வு எனப்படும் ஒருவகைச் சவ்வு தண்ணீரைப் பிளந்து அமிலத் தன்மையை எதிர்மின்முனைப் பக்கம் அனுப்பும். வினையூக்கியை ஒட்டியே பைகார்பனேட் உடைந்து கரியமில வாயு பிறக்கும், பிறந்த இடத்திலேயே வினைப்படும். கரைசல் மறுபடி காரமாகி, அடுத்த சுற்றுக்கு வாயுவைப் பிடிக்கத் தயாராகிவிடும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கர்ட்டிஸ் பெர்லிங்கெட் குழு பைகார்பனேட்டை வைத்தும், டொராண்டோவில் டெட் சார்ஜென்ட், டேவிட் சிண்டன் குழுவினர் கார்பனேட்டை வைத்தும் இதைச் செய்து காட்டினார்கள்.

குறை இல்லாமல் இல்லை. இருமுனைச் சவ்வு கூடுதல் மின்னழுத்தம் கேட்கும். வினையூக்கிக்குப் பக்கத்தில் அமிலம் வந்து இறங்குவதால் ஹைட்ரஜனும் நிறையக் கிளம்பும். எத்திலீன் எதிர்பார்த்தவருக்கு அது நஷ்டம். மெத்தனாலோ டீசலோ செய்யப் போகிறவருக்கு அது நஷ்டமே இல்லை, அவருக்கு எப்படியும் கார்பன் மோனாக்சைடைப்போல இரண்டு மடங்கு ஹைட்ரஜன் வேண்டும். நீர்த்த வாயுவிலிருந்து எதைச் செய்யப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தானே கரைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஓட்டையையும் இந்த வழி அடைக்கிறது. சாதாரண மின்கலத்தில், தூய வாயுவோடுகூட, எதிர்மின்முனையில் ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஒரு ஹைட்ராக்சைடு அயனி பிறக்கும். அது உள்ளே வரும் கரியமில வாயுவைப் பிடித்துக் கார்பனேட்டாக்கிவிடும். கணக்குப் போட்டால், கார்பன் மோனாக்சைடு செய்யும்போது உள்ளே விட்ட வாயுவில் அதிகபட்சம் பாதிதான் பொருளாகும். எத்திலீனுக்கு 12 எலக்ட்ரான் தேவை என்பதால் அங்கே உச்சவரம்பு 25 விழுக்காடு. மீதி கார்பனேட்டாக, கலத்தை இரண்டாகப் பிரிக்கும் சவ்வைக் கடந்து மறுபக்கம் போய், அங்கே நேர்மின்முனையில் உருவாகும் ஆக்சிஜனோடு கலந்து வெளியேறும், அல்லது பைகார்பனேட் உப்பாக மின்முனையின் துளைகளுக்குள் படிகமாகி அடைத்துக்கொள்ளும். பாடுபட்டுப் பிடித்த வாயுவில் முக்கால்வாசி இப்படிப் போனால் யார் முதலீடு செய்வார்கள்? கடும் அமிலக் கரைசலில் கலத்தை ஓட்டினால் இந்த இழப்பு இல்லை. ஆனால் அமிலத்தில் ஹைட்ரஜன்தான் பொங்கும் என்று பலகாலம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பொட்டாசியம் அயனிகளை வினையூக்கியை ஒட்டிக் குவித்து வைத்தால் அமிலத்திலும் இரண்டு கார்பன் பொருள்கள் வரும் என்று 2021-ல் சார்ஜென்ட் குழு காட்டியது. ஒரே ஓட்டத்தில் 77 விழுக்காடு வரை வாயு பயன்பட்டது. நல்ல வேலைதான், ஆனாலும் தூய வாயுவில் செய்த வேலை.

வினையூக்கி மூலக்கூறே வாயுவைப் பிடித்து வைத்துக்கொண்டால்? டோக்கியோவில் ஒசாமு இஷிதானி குழு இதைச் செய்தது. அவர்கள் பயன்படுத்திய ரீனியம் சேர்மம் ஒன்று, அமீன் வகை ஆல்கஹால் துணையோடு, கரியமில வாயுவைத் தன் பிணைப்புக்குள் செருகிக்கொள்ளும். அதனால் 1 விழுக்காடு மட்டுமே உள்ள வாயுவிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு கிடைக்கிறது. ரீனியம் மிக அரிய உலோகம், கரைப்பானும் தண்ணீர் இல்லை, கரிமத் திரவம். தொழிற்சாலைக்கு இது அப்படியே வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பிடிப்பதையும் மாற்றுவதையும் ஒரே மூலக்கூறு செய்ய முடியும் என்பது தெரிந்துவிட்டது.

புகையில் இருக்கும் கந்தக டை ஆக்சைடு பற்றி ஒரு வரி: வெள்ளியும் வெள்ளீயமும் அதிலிருந்து மீண்டுவிடுகின்றன, செம்போ கந்தகம் பட்டதும் எத்திலீனை விட்டுப் பார்மேட் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இப்போது ஆற்றல் கணக்கு. நீர்த்த வாயுவைச் செறிவாக்கத்தான் எக்கச்சக்க ஆற்றல் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். வெப்ப இயக்கவியல் அப்படிச் சொல்லவில்லை. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்க இயற்கை விதிக்கும் குறைந்தபட்சக் கூலி மோலுக்கு சுமார் 20 கிலோஜூல். புகையிலிருந்து என்றால் அதில் பாதிகூட இல்லை. பிரித்ததைக் கார்பன் மோனாக்சைடாக்க வேண்டிய குறைந்தபட்சமோ 257 கிலோஜூல். நடைமுறையில் அமீன் கரைசலைச் சூடாக்கி வாயுவை விடுவிக்க மோலுக்கு 150 கிலோஜூல் அளவு வெப்பம் போகிறது என்பது உண்மை. அதனால்தான் சூடாக்கும் படியைத் தவிர்ப்பதற்கு மதிப்பு. ஆனாலும் பெரிய பில் மாற்றும் இடத்தில்தான் வருகிறது.

எத்திலீனை எடுத்துக்கொள்வோம். கலத்தின் மின்னழுத்தம் 3 வோல்ட் என்று தாராளமாகவே வைப்போம். மின்னோட்டத்தில் 65 விழுக்காடு எத்திலீனாகிறது என்போம். ஒரு டன்னுக்கு 53,000 யூனிட் மின்சாரம் ஆகும். யூனிட் 5 ரூபாய் என்றால் மின்கட்டணமே 2,65,000 ரூபாய். நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளிலிருந்து எடுக்கும் எத்திலீன் ஒரு டன் பெரும்பாலும் ஒரு லட்சம் ரூபாயை ஒட்டியே விற்கும்.

காசை விடுங்கள், கார்பன் கணக்கு இன்னும் மோசம். ஒரு டன் எத்திலீனுக்குள் அடங்கும் கரியமில வாயு 3.1 டன். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. 53,000 யூனிட்டுக்கு 37 டன். மூன்று டன்னைப் பிடித்துப் போட 37 டன்னை வெளியே விடுகிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு இரண்டே எலக்ட்ரான் என்பதால் நிலைமை இவ்வளவு மோசமில்லை, அதே 3 வோல்ட்டில் மின்னோட்டம் முழுதும் பயன்பட்டால் ஒரு டன்னுக்கு 5,700 யூனிட். அதிலும் ஒன்றரை டன் உள்ளே, நான்கு டன் வெளியே. பெட்ரோலிய எத்திலீனின் உமிழ்வைக் கழித்துக்கொண்டால் கணக்கு கொஞ்சம் தளரும், புரண்டுவிடாது. நிலக்கரி மின் நிலையத்தின் புகையை அதே நிலையத்தின் மின்சாரத்தால் ரசாயனமாக்குவோம் என்று யாராவது சொன்னால், இந்த ஒரு கணக்கே போதும்.

அதனால் தொழில் தொடங்கியவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்தால் விடை தெரியும். அமெரிக்காவின் ட்வெல்வ் நிறுவனம் விமான எரிபொருளுக்காக வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக்கில் ஆலை அமைத்தது. அது நாடியது எத்தனால் ஆலைகளின் வாயுவை. நொதித்தலில் வரும் வாயு கிட்டத்தட்டத் தூய கரியமில வாயு. மின்சாரத்துக்கும் நீர்மின் நிலையங்கள் நிறைந்த இடம் அது. புகையைப் பயன்படுத்தியவர்களோ எலக்ட்ரானையே தொடவில்லை. தூத்துக்குடியில் ஒரு நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பாக்கும் அமைப்பு 2016-ல் வந்தது. கார்பனேட்டாக மாற்றுவதற்குக் கரியமில வாயுவுக்கு எலக்ட்ரான் ஊட்ட வேண்டியதில்லை, ஆற்றலில் அது இறக்கமான பாதை. அதனால்தான் கட்டுப்படியானது.

செவ்வாயிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி கருவி 2021 ஏப்ரலில் அங்குள்ள கரியமில வாயுவை 800 டிகிரியில் மின்பகுத்து முதல் முறையாக ஆக்சிஜன் எடுத்தது. மொத்தம் 122 கிராம் எடுத்திருக்கிறது. அங்கே காற்றழுத்தம் பூமியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இருக்கிற காற்றில் 95 விழுக்காடு கரியமில வாயு. ஒரு கன மீட்டரில் உள்ள மூலக்கூறுகளை எண்ணினால், செவ்வாயின் வெறுங்காற்றில் நம் காற்றைவிடப் பத்து மடங்குக்கு மேல் கரியமில வாயு இருக்கிறது, ஆக்சிஜன் தொல்லையும் கிடையாது. அப்படியிருந்தும் முதலில் ஒரு கம்ப்ரஸர் வைத்து அழுத்தித்தான் கலத்துக்குள் விட்டார்கள்.

பூமியில் இதற்கு நியாயமான இடம் ஒன்று உண்டென்றால் அது சிமெண்ட் சூளை என்பது என் கணிப்பு. அரியலூரில் ஓடும் சூளையை நாளைக்கே முழுக்கப் பசுமை மின்சாரத்துக்கு மாற்றினாலும் சுண்ணாம்புக்கல் உடையும்போது வரும் கரியமில வாயு நிற்காது. சிமெண்டின் உமிழ்வில் பாதிக்கு மேல் அதுதான். சூளைப் புகையில் செறிவும் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். காரக் கரைசலில் பிடித்து, அந்தக் கரைசலையே மின்கலத்துக்குள் விடும் வழி இங்கே பொருந்தும். மிஞ்சும் கேள்விகள் இரண்டு. உச்சி வெயிலில் மட்டும் கிடைக்கும் மலிவான சூரிய மின்சாரத்துக்காகக் கலத்தைத் தினமும் நிறுத்தி ஓட்டினால் மின்முனையில் படியும் உப்பை என்ன செய்வது? காஸ்டிக் சோடா சவ்வுகள் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன, இந்தக் கலங்களின் வயதை இன்னும் மணிக்கணக்கில்தான் எண்ணுகிறார்கள். இரண்டாவது, செய்த பொருள் எங்கே போகிறது என்பது. பாலிதீனாகக் குழாயில் இருந்தால் கார்பன் சில பத்தாண்டுகள் உள்ளே இருக்கும். விமான எரிபொருளாகப் போனால் சில வாரங்களில் திரும்பக் காற்றுக்கே வந்துவிடும், பத்தாயிரத்தில் நான்காக.